கம்பெனிக்கு வாக்குரிமை இல்லை

1957ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கும் அதிகாரம் தன்னுடைய அமைப்பு ஆவணத்தில் இல்லை என்பதால், அதைச் சேர்த்துக்கொள்ள டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் நீதிமன்றத்தின் ஒப்புதலைக் கேட்டிருந்தது. பங்குதாரர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அன்றிருந்த சட்டத்தில் இதைத் தடுக்க வழியில்லை என்று சொல்லித் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒப்புதல் அளித்தார். ஆனால் தீர்ப்போடு சேர்த்து ஓர் எச்சரிக்கையையும் எழுதிவைத்தார். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்திருக்கும் நாட்டில் பிரதிநிதியின் நேர்மையைப் போலவே வாக்காளரின் நேர்மையும் காக்கப்பட வேண்டும் என்றும், முடிவுகள் அவற்றின் தகுதியால் அல்லாமல் பணத்தால் எட்டப்படுமானால் ஜனநாயகம் கெட்டுப்போகும் என்றும், இந்த ஆபத்து விரைவாக வளர்ந்து ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என்றும் அவர் கூறினார். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

முதலாளித்துவமும் ஜனநாயகமும் ஒன்றாக வாழ முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு உடனே ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறது. ஒரு தரப்பு, தனிச்சொத்து இருக்கும் வரை உண்மையான ஜனநாயகம் வராது என்கிறது. மறு தரப்பு, தனிச்சொத்து இல்லாத இடத்தில் ஜனநாயகம் பிழைத்ததே இல்லை என்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதால்தான் அந்த விவாதம் முடிவதில்லை. எனக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும், விடை காணக்கூடிய ஒரு கேள்வியே முக்கியமாகப் படுகிறது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்று நடக்கும் அமைப்பும், ஒரு பங்குக்கு ஒரு வாக்கு என்று நடக்கும் அமைப்பும் ஒரே நாட்டில் இருக்கின்றன. இரண்டாவது அமைப்பு தன் பணத்தோடு முதலாவது அமைப்புக்குள் நுழையலாமா? நுழையலாம் என்றால் யாருடைய ஒப்புதலோடு, எந்த அளவுக்கு, யார் பார்க்கும்படி? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்காமல் நாம் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தில் வலுவான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆலைகளும், எல்லா அச்சகங்களும், எல்லா வேலைகளும் அரசின் கையில் இருந்தால், அரசை எதிர்ப்பவருக்குச் சோறு போட ஆளிருக்காது. அரசைச் சாராத செல்வம் எங்காவது இருந்தால்தான் எதிர்க்கட்சி நடத்த முடியும், எதிர்ப்புப் பத்திரிகை நடத்த முடியும். இது ஏட்டளவிலான வாதம் அல்ல. காங்கிரஸின் ஆதிக்கம் உச்சத்தில் இருந்த 1961இல், ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சிக்கும் தங்கள் நிறுவனங்கள் நிதி கொடுக்கப்போகின்றன என்று ஜே.ஆர்.டி. டாட்டா பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதினார். ஒரு கட்சி ஆட்சியாகவே நாடு போய்விடாமல் இருக்கப் பொறுப்புள்ள எதிர்க்கட்சி ஒன்று வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சுதந்திராக் கட்சி வலுவான எதிர்க்கட்சியாக வளரும் என்று நினைப்பது தவறு என்று மறுமொழி எழுதிய நேரு, கொடுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டார். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. ஆளும் கட்சியின் முகத்துக்கு நேரே அறிவித்துவிட்டு எதிர்க்கட்சிக்கு ஒரு தொழிலதிபர் பணம் கொடுத்தார் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. தனியார் செல்வம் ஜனநாயகத்துக்குத் துணையாக இருக்கலாம் என்பதால், அது எப்போதும் துணையாகவே இருக்கும் என்று ஆகிவிடாது. சிலியில் 1973இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்துவிட்டு வந்த பினோசே ஆட்சி, தாராளச் சந்தைக் கொள்கையைத்தான் நடைமுறைப்படுத்தியது. அங்கே 1990 வரை மக்களாட்சி திரும்பவில்லை. சீனம் 1978க்குப் பிறகு சந்தையைத் திறந்துவிட்டது. வாக்குப் பெட்டியைத் திறக்கவில்லை. மூலதனத்துக்குத் தேவைப்படுவது ஒப்பந்தங்கள் காப்பாற்றப்படும் என்ற உறுதியும், அரசின் முடிவுகள் தனக்குப் பாதகமாக வராது என்ற நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கை சட்டத்திலிருந்து வந்தாலும் சரி, அமைச்சரின் தயவிலிருந்து வந்தாலும் சரி, கணக்குப் புத்தகத்தில் வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிய வேண்டியது குடிமக்களுக்கு.

சாக்ளாவின் எச்சரிக்கைக்குப் பிறகு 1960இல் கம்பெனிச் சட்டத்தில் முதல் கட்டுப்பாடு வந்தது: 25,000 ரூபாய் அல்லது மூன்று ஆண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம். 1969இல் இந்திரா காந்தியின் அரசு கம்பெனி நன்கொடையை முழுவதுமாகத் தடை செய்தது. கொள்கையளவில் நான் விரும்பும் சட்டம் அதுதான். ஆனால் அது தோற்றது, தோற்ற விதம் நமக்குப் பாடம். தொழில் தொடங்கவும், உற்பத்தியைக் கூட்டவும், இயந்திரம் இறக்குமதி செய்யவும் தில்லியில் உரிமம் வாங்க வேண்டியிருந்த காலத்தில், வெளிப்படையாகக் கொடுக்கும் வழியை மட்டும் அடைத்துவிட்டு, தேர்தல் செலவுக்கு மாற்று வழி எதையும் அரசு ஏற்படுத்தவில்லை. காசோலையாகப் போனது பெட்டியில் ரொக்கமாகப் போகத் தொடங்கியது. உரிமம் கொடுக்கும் அதிகாரம் ஆளுங்கட்சியிடம் இருந்ததால் பெட்டிகளும் அந்தத் திசையிலேயே போயின. எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்துவந்த காசோலைகள் நின்றுபோயின. 1985இல் ராஜீவ் காந்தியின் அரசு, இயக்குநர் குழுவின் தீர்மானமும் கணக்கில் வெளிப்படுத்தலும் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு 5 விழுக்காடு வரை மீண்டும் அனுமதித்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில், 182ஆம் பிரிவின்படி, அது 7.5 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த 182ஆம் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இடையில் எங்கள் தொழிற்சங்கத்தின் பொருளாளராகவும் இருந்தேன். ஆகவே கம்பெனியின் பணம் எப்படி வெளியே போகிறது என்பதையும், தொழிலாளியின் பணம் எப்படி உள்ளே வருகிறது என்பதையும் இரண்டு வேறு மேசைகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

சங்கத்தில் இரண்டு ரசீதுப் புத்தகங்கள் வைத்திருந்தோம். ஒன்று மாதச் சந்தாவுக்கு. அதன் தாள் மஞ்சள். இன்னொன்று அரசியல் நிதிக்கு, அது இளஞ்சிவப்பு. சந்தாப் பணத்திலிருந்து ஒரு தேர்தல் சுவரொட்டிக்குக்கூடச் செலவு எழுத முடியாது, எழுதினால் தணிக்கையில் நின்றுவிடும். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் 16ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சங்கம் அரசியல் நோக்கத்துக்குச் செலவிட விரும்பினால் அதற்கென்று தனியாகத் திரட்டிய நிதியிலிருந்துதான் செலவிட வேண்டும். அந்த நிதிக்குக் கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்க மறுத்தவருக்குச் சங்கத்தின் எந்தப் பயனையும் மறுக்கக் கூடாது. அரசியல் நிதிக்குக் கொடுத்தால்தான் உறுப்பினராகச் சேர்ப்போம் என்று நிபந்தனை போடவும் கூடாது. நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி, “சந்தா கொடுக்கிறேன், கட்சிக்குக் கொடுக்க மாட்டேன்” என்று சொன்னால், மஞ்சள் ரசீதை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஆலையில் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். மற்றவர்களுக்கு நடத்தியது போலவே அவர்களுடைய வழக்குகளையும் சங்கம் நடத்தியது.

இந்தச் சட்டம் பிறந்ததற்குச் சென்னைக்கும் பங்கு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளின் நிர்வாகம், வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1920இல் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்தான வேலை என்பது அந்த வழக்கால்தான் நாட்டுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் வந்தது. தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கொடுத்த அதே சட்டம், தொழிலாளியின் காசு அவருடைய சம்மதம் இல்லாமல் அரசியலுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் விதித்தது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இனி மறு மேசைக்கு வருகிறேன். அந்த 7.5 விழுக்காடு வரம்பையும் கணக்கில் காட்டும் கடமையையும் தவிர்த்துப் பார்த்தால், கம்பெனி நன்கொடை கொடுக்க 182ஆம் பிரிவு கேட்பது இயக்குநர் குழுவின் தீர்மானம் ஒன்றைத்தான். கம்பெனி மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், அரசுக் கம்பெனியாக இருக்கக் கூடாது, அவ்வளவே. பங்குதாரர்களைக் கேட்க வேண்டியதில்லை. தனி நிதி வைக்க வேண்டியதில்லை. ‘என் பங்கிலிருந்து போகக் கூடாது’ என்று ஒரு பங்குதாரர் எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. விருப்பமில்லாதவர் பங்கை விற்றுவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளின் பங்குகளை ஆயுள் காப்பீட்டுக் கழகம் வைத்திருக்கிறது, பரஸ்பர நிதிகள் வைத்திருக்கின்றன. மகளின் திருமணத்துக்காகப் பாலிசி எடுத்த பள்ளி ஆசிரியருக்குத் தன் பணம் எந்தக் கம்பெனி வழியாக எந்தக் கட்சிக்குப் போகிறது என்பதே தெரியாதபோது அவர் எதை விற்றுவிட்டு எங்கே போவார்? நூற்பாலைத் தொழிலாளியின் எட்டணாவுக்கு இவ்வளவு கவனம் காட்டிய சட்டம், கம்பெனிகளின் கோடிகளுக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் காட்டவில்லை. முதலாளித்துவத்தோடு ஜனநாயகம் உடன்பட்டு வாழ்வதில் எங்கே இடறுகிறது என்று என்னைக் கேட்டால், இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

இருந்த குறைந்தபட்சக் கட்டுப்பாடும் 2017இல் எடுக்கப்பட்டது. பிப்ரவரி 1 அன்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தன் வரவுசெலவுத் திட்ட உரையில், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்யும் தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். ரிசர்வ் வங்கி எதிர்ப்புத் தெரிவித்திருந்தது; பின்னர் தேர்தல் ஆணையமும் இது பின்னோக்கிய நடவடிக்கை என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. நிதிச் சட்டத்தின் வழியாகவே ரிசர்வ் வங்கிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வருமான வரிச் சட்டம், கம்பெனிச் சட்டம் ஆகிய எல்லாம் திருத்தப்பட்டன. பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால் மாநிலங்களவைக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லாமல் போனது. 7.5 விழுக்காடு என்ற உச்சவரம்பு நீங்கியது. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம் என்று ஆனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்பதை இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டிய கடமையும் நீங்கியது. கணக்குப் பிரிவில் வாழ்ந்தவனுக்கு இதில் மிகவும் உறுத்துவது நட்டக் கம்பெனி விவகாரம்தான். இலாபமே இல்லாத ஒரு கம்பெனி கட்சிக்குக் கோடி ரூபாய் கொடுக்கிறது என்றால், அந்தப் பணம் கடன் கொடுத்த வங்கியுடையதாக இருக்கலாம், சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருடையதாக இருக்கலாம், அல்லது பெயர் சொல்ல விரும்பாத வேறொருவருடையதாக இருக்கலாம். அந்தக் கம்பெனியின் சொந்தப் பணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பத்திரம் என்பது பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் கிடைத்த ஒரு தாள். 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் இருந்தது. வாங்கிய பதினைந்து நாட்களுக்குள் கட்சி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் பெயரும் பெற்ற கட்சியின் பெயரும் அதில் இருக்காது. ஆனால் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஓர் எண் ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருந்ததை ஒரு செய்தியாளர் 2018இலேயே ஆய்வுக்கூடத்தில் சோதித்து வெளியிட்டார். பொதுமக்களுக்கு எதுவும் தெரியாது. அரசுடைமை வங்கியிடமோ எல்லா விவரமும் இருந்தது. விற்ற மொத்தத் தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 1 கோடி ரூபாய்த் தாள்கள். இது சிறு நன்கொடையாளருக்கான திட்டமாக இருக்கவில்லை என்பதை அந்தத் தாள்களே சொல்லின.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையில், ஒருமனதாக இந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைப் பற்றிய பகுதியைத்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றியது, கம்பெனிகளைப் பற்றித் தலைமை நீதிபதி எழுதிய பகுதி. தனிமனிதர் கொடுக்கும் நன்கொடையில் அரசியல் சார்பும் நம்பிக்கையும் இருக்கலாம்; கம்பெனி கொடுப்பது கைம்மாறு எதிர்பார்த்துச் செய்யப்படும் வணிகப் பரிமாற்றம்; இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வரம்பில்லாமல் அனுமதிப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று அவர் எழுதினார். சாக்ளாவின் எச்சரிக்கைக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பதில் சொல்ல அறுபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. பொதுத்தேர்தல் அதற்குள் முடிந்துவிடும். நீதிமன்றம் மறுத்து, மறுநாளே கொடு என்றது. மார்ச் 14 இரவு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு கோப்புகள் வந்தன: வாங்கியவர்களின் பட்டியல் 337 பக்கம், பெற்ற கட்சிகளின் பட்டியல் 426 பக்கம். நான் அவற்றை இறக்கி, பழைய வழக்கப்படி ஒரு குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். தேதி, பெயர், தொகை என்று மூன்றே பத்திகள். ஒரே கம்பெனியின் பெயர் ஒரே தேதியில் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொரு வரியிலும் 1,00,00,000 என்று, பக்கம் திருப்பியும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, ஒரு பேரேட்டுக்குள் ஒரு நாட்டின் அரசியல் இவ்வளவு பச்சையாகத் தெரியும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு பத்திரங்களின் எண்களும் வெளியானதால், யார் வாங்கியது யாரிடம் போனது என்று சேர்த்துப் பார்க்க முடிந்தது.

2019 ஏப்ரலுக்குப் பிறகான கணக்கில் பாரதிய ஜனதா கட்சி பெற்றது சுமார் 6,060 கோடி ரூபாய். மாற்றப்பட்ட மொத்தத் தொகையில் ஏறக்குறையப் பாதி. அடுத்து திரிணமூல் காங்கிரஸ் சுமார் 1,600 கோடி, காங்கிரஸ் 1,400 கோடிக்கு மேல், பாரத் ராஷ்டிர சமிதி 1,200 கோடிக்கு மேல், பிஜு ஜனதா தளம் 775 கோடி, தி.மு.க. 600 கோடிக்கு மேல். இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கொள்கை ஒற்றுமை எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அந்த ஆண்டுகளில் எங்காவது ஆட்சியில் இருந்த கட்சி என்பதுதான் ஒற்றுமை. கம்பெனிப் பணம் எதிர்க்கட்சியை வாழவைக்கும் என்ற 1961ஆம் ஆண்டு வாதத்துக்கு இந்தப் பட்டியல் இடம் கொடுக்கவில்லை. பணம், கையெழுத்துப் போடும் அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கே போயிருக்கிறது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரம் வாங்க மறுத்து, வழக்கும் தொடுத்தது. அந்த நிலைப்பாட்டை அதன் எதிரிகளும் மதிக்க வேண்டும்.

மிக அதிகமாக வாங்கிய கம்பெனி நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கோயம்புத்தூரிலிருந்து நடக்கும் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. அமலாக்கத் துறையின் விசாரணைக்கு உட்பட்டிருந்த நிறுவனம் அது. அதில் 500 கோடிக்கு மேல் திரிணமூலுக்குப் போனது. 509 கோடி தங்களுக்கு வந்தது என்று தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தது. கொடுத்தவர் பெயரைத் தானாக எழுதிக் கொடுத்த மிகச் சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய கட்சிகள் பல அதைச் செய்யவில்லை. ஆனாலும் 2003இலிருந்து லாட்டரியைத் தடை செய்து வைத்திருக்கும் ஒரு மாநிலத்தில், பத்திரம் வழியாக முதன்மைக் கட்சிக்கு வந்த பணத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரு லாட்டரி நிறுவனத்துடையது என்பது, தி.மு.க.வுக்கு வாக்களிப்பவர்களும் கேட்க வேண்டிய கேள்வி. அது கைம்மாறு என்று நான் சொல்லவில்லை. அதற்கான சான்று என்னிடம் இல்லை. வேறொரு மருந்து நிறுவனத்தின் இயக்குநர் கைதான ஐந்தாம் நாள் அந்த நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியதும், அது மத்திய ஆளுங்கட்சிக்குப் போனதும் பட்டியலில் இருக்கிறது. அதையும் தேதிகளாகத்தான் என்னால் சொல்ல முடியும். இவற்றையெல்லாம் விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை.

பணம் மறுமுனையில் எங்கே போகிறது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலே நிறுத்தப்பட்ட தொகுதிகள் நம்முடையவை. வேட்பாளருக்கு மக்களவைத் தேர்தலில் 95 லட்சம், சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சம் என்று பெரிய மாநிலங்களுக்குச் செலவு வரம்பு இருக்கிறது. கட்சிக்கு வரம்பே இல்லை. ஓட்டுக்குப் பணம் வாங்கும் ஏழையைத் திட்டுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அவர் வாங்குவது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி ஏதோ ஓர் இயக்குநர் குழுவின் தீர்மானத்தில் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டு அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

கம்பெனிப் பணத்தை நிறுத்தினால் சந்தைப் பொருளாதாரம் கெட்டுவிடும் என்பாருக்கு உலகில் பதில் இருக்கிறது. பிரான்ஸ் 1995இலிருந்து கம்பெனி நன்கொடையைத் தடை செய்திருக்கிறது. கனடா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருமளவு கட்டுப்படுத்தி, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுவதும் தடுத்தது. அங்கே தடை கம்பெனிக்கும் உண்டு, தொழிற்சங்கத்துக்கும் உண்டு. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2015இல் கம்பெனி நன்கொடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மூன்றும் முதலாளித்துவ நாடுகள்தான்; அங்கே ஆலைகள் மூடப்படவில்லை, பங்குச் சந்தைகள் நின்றுவிடவில்லை. ஊழல் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் சட்டப்படி சரியானது எது, திருட்டு எது என்ற கோடு அங்கே தெளிவாக இருக்கிறது. அமெரிக்கா எதிர்த்திசையில் போனது: 1907இலேயே கம்பெனிகள் வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுப்பதைத் தடை செய்த நாடு, 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால், தேர்தலையொட்டிக் கம்பெனிகள் தனித்துச் செலவிடுவதற்கு வரம்பில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

ஆகவே, முதலாளித்துவமும் ஜனநாயகமும் சேர்ந்து வாழ முடியும் என்பதே என் முடிவு. கம்பெனியைக் குடிமகனாக நடத்தாத வரை. கம்பெனி என்பது பொருள் செய்யவும் விற்கவும் கடன் வாங்கவும் வழக்காடவும் சட்டம் உண்டாக்கிக் கொடுத்த ஏற்பாடு. அதற்கு மனச்சான்று கிடையாது, அது வாக்குச்சாவடி வரிசையில் நிற்பதில்லை. அதன் உரிமையாளருக்கு ஓர் அரசியல் கருத்து இருந்தால், மற்ற எல்லோரையும் போலத் தன் சட்டைப் பையிலிருந்து, தன் பெயரில், வரம்புக்கு உட்பட்டுக் கொடுக்கட்டும். ஆனால் 1969இல் நடந்த தவறு மறுபடி நடக்கக் கூடாது. தடையோடு சேர்த்து, தேர்தல் செலவுக்கு அரசு நிதி வர வேண்டும். 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1998இல் இந்திரஜித் குப்தா குழுவும் பணமாக இல்லாமல் பொருளாகவும் வசதியாகவும் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு அறிக்கைகளும் அப்படியே இருக்கின்றன. கட்சிகளின் செலவுக்கும் வரம்பு வர வேண்டும். சுரங்கம், சாலை, மின்சாரம் போன்றவற்றில் அமைச்சரின் விருப்பத்துக்கு விடப்படும் முடிவுகள் குறையாமல் பணத்தின் வழி அடையாது.

முழுத் தடைக்கு எந்தக் கட்சியும் உடனே முன்வராது என்பது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருப்பதையாவது கம்பெனிச் சட்டத்தில் எழுதலாம்: அரசியலுக்குத் தனி நிதி, அதற்குச் சம்மதித்த பங்குதாரரின் பங்கிலிருந்து மட்டும் பணம், சம்மதிக்காதவருக்கு எந்த இழப்பும் இல்லை. நூறு ஆண்டுகளாகத் தொழிலாளிகள் கடைப்பிடித்துவரும் விதி இது. இயக்குநர்களால் கடைப்பிடிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தீர்ப்புக்குப் பிறகு 7.5 விழுக்காடு வரம்பு திரும்பிவிட்டது, கட்சியின் பெயரை எழுதும் கடமையும் திரும்பிவிட்டது. ஆனால் பணம் இப்போது 2013இல் ஏற்படுத்தப்பட்ட தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. பல கம்பெனிகள் அறக்கட்டளைக்குக் கொடுக்கின்றன, அறக்கட்டளை பல கட்சிகளுக்குக் கொடுக்கிறது. இரண்டு பட்டியல்களும் வெளியாகின்றன, எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது மட்டும் தெரிவதில்லை. 2024-25இல் இந்த வழியில் போனது 3,800 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு மத்தியில் ஆளும் கட்சிக்கு. உங்கள் வீட்டில் யாரிடமாவது ஏதேனும் ஒரு கம்பெனியின் பத்துப் பங்குகள் இருந்தாலும், இந்த ஆண்டு அறிக்கை வரும்போது இலாப நட்டக் கணக்கின் குறிப்புகளில் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். அங்கே தேர்தல் அறக்கட்டளைக்கு நன்கொடை என்று ஒரு வரி இருந்தால், எந்தத் தேதியில் யாருடைய தீர்மானத்தால் கொடுக்கப்பட்டது, ஏன் அந்த அறக்கட்டளைக்கு என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே கம்பெனிச் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். கூட்டங்கள் இப்போது இணையவழியிலும் நடப்பதால், கோயம்புத்தூரிலிருந்து மும்பைக்குப் பயணம் போகாமலே எழுந்து கேட்கலாம்.